பவளத் தொட்டிக்கு எல்இடியா, மெட்டல் ஹாலைடா? மும்பையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மும்பையில் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்பும் எவரும் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, “நாலடித் தொட்டிக்கு எத்தனை வாட் லைட் வேணும்?” என்பதைத்தான். நானும் அதையே கேட்டேன். கேட்டதன் பயனாகச் செம்பூர் வீட்டுக் கூடத்தில் இரண்டு 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகளை (மின்வில்லால் ஒளிரும், மிகுந்த சூடு தரும் பல்பு வகை) ஆறு ஆண்டுகள் எரித்தேன். பிறகு எல்இடிக்கு மாறினேன். மாறிய முதல் மாதத்திலேயே தொட்டியில் இருந்த பவளங்களில் பாதியை வெளிற வைத்தேன். இரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒன்றுதான். முதலில் விளக்கை வாங்கினேன், அதற்கேற்பத் தொட்டியை அமைத்தேன், உயிரினத்தைக் கடைசியில் யோசித்தேன். தேர்வு இதற்கு நேர் எதிராக, கீழிருந்து மேலாக நடக்க வேண்டும். எந்த உயிரினம் பாறையில் உட்காரப் போகிறது, அதன் தலைக்கு மேல் எவ்வளவு நீர் நிற்கும், அந்த நீரை உங்கள் வீட்டு அறை எவ்வளவு சூடாக்கும் என்ற மூன்றையும் முடிவு செய்துவிட்டால், எந்த விளக்கு என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். கீழே வரும் படிகளை அந்த வரிசையிலேயே தந்திருக்கிறேன்.

முதற்படி: எந்த உயிரினம்?

பவளம் ஒரு விலங்கு. ஆனால் அதன் தசைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து ஆக்கும் உணவின் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. ஆகவே நாம் விளக்குப் போடுவது கண்ணுக்கு அழகாக இருப்பதற்காக மட்டுமன்று, அந்தப் பாசிக்குச் சோறு போடுவதற்காகவும்தான். 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள அலைநீள ஒளியே ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு இந்த ஒளி எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) விழுகிறது என்பதே நமக்கு வேண்டிய அளவு. தொட்டி வளர்ப்பவர்கள் அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் ‘பார்’ என்று சொல்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இது சற்றுக் குழப்பமாக இருக்கும். அங்கே கடலடிப் பாறைத் திட்டுக்குத்தான் ‘பார்’ என்று பெயர். இக்கட்டுரையில் அச்சொல் ஒளியின் அளவை மட்டுமே குறிக்கும்.

காளான் பவளம், லெதர், ஸ்டார் பாலிப், ஜோவாந்திட் போன்ற மென்மையானவற்றுக்கு 50 முதல் 150 பார் வரை போதும். அவற்றுள்ளும் காளான் வகைகள் 50 முதல் 80 வரையிலேயே மகிழ்ச்சியாக இருக்கும். மூளைப் பவளம் போன்ற சதைப்பற்றுள்ள கல் பவளங்களுக்கு (சுண்ணாம்புக் கூடு கட்டும் வகை) 75 முதல் 200 வரை வேண்டும். அக்ரோபோரா என்னும் மான்கொம்புப் பவளமும் அதன் இனத்தாரும் 200 முதல் 400 வரை கேட்பார்கள். மெட்டல் ஹாலைடு விளக்கின் புகழெல்லாம் இந்தக் கடைசிக் கூட்டத்தை வைத்து எழுந்ததுதான்.

இந்த இடத்தில் ஒரு சட்டச் செய்தியைத் தவறாமல் மனத்தில் கொள்ள வேண்டும், ஏனெனில் அது விளக்குத் தேர்வையே மாற்றிவிடுகிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் அனைத்தும் இடம்பெற்றுள்ளன. கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் உண்டு. மும்பைக் கடற்கரைச் சாலைத் திட்டத்துக்காக வொர்லி, ஹாஜி அலி கரையோரப் பாறைகளில் இருந்த சிறிய பவளக் கூட்டங்களைக்கூட, 2020ஆம் ஆண்டில் உரிய அனுமதி பெற்றுத்தான் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். ஆகவே, “ஊருக்குப் போகும்போது இராமேசுவரம் பக்கத்து மண்டபத்திலிருந்து ஒரு கல்லைக் கொண்டு வந்தால் என்ன?” என்று கேட்பவர்களுக்கு என் விடை எப்போதும் ஒன்றே: அது குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் கல் பவளங்களும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. ‘இம்போர்ட்டட்’ என்ற வாய்வார்த்தையை மட்டும் நம்பி, ஆவணம் எதுவும் இல்லாமல் வாங்கிவிடாதீர்கள். அந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அதனை அரசுக்கு அறிவித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கட்டாயமாகியுள்ளது.

இதையெல்லாம் கழித்துப் பார்த்தால், மும்பையில் புதிதாகத் தொடங்குபவரின் தொட்டியில் நியாயமாக இருக்கக் கூடியவை பெரும்பாலும் மென் பவளங்களே. அவற்றுக்கு வேண்டியது 50 முதல் 150 பார். நடுத்தரமான எல்இடி விளக்கு ஒன்று இந்த அளவைத் தன் பாதிச் சக்தியிலேயே தந்துவிடும். மான்கொம்புப் பவளத்துக்காகப் பிறந்த வாதங்களைப் படித்துவிட்டு, காளான் பவளத்தின் தலைக்கு மேல் 250 வாட் ஹாலைடைத் தொங்கவிடுபவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இரண்டாம் படி: நீரின் ஆழமும் தொட்டியின் அகலமும்

தெளிந்த தொட்டி நீர் தானாக விழுங்கும் ஒளி குறைவுதான். ஆழம் கூடக் கூட ஒளி குறைவதற்கு முதன்மைக் காரணம், விளக்கிலிருந்து விலக விலகக் கதிர்கள் அகன்று பரவிவிடுவது. அதனால் விளக்கின் வாட் எண்ணைவிட அதன் பின்னால் இருக்கும் பிரதிபலிப்பானோ முன்னால் இருக்கும் லென்சோதான் அடிமட்டத்து அளவைத் தீர்மானிக்கிறது. 18 அங்குல உயரத் தொட்டிக்கும் 24 அங்குல உயரத் தொட்டிக்கும் இடையே மணல்மட்டத்தில் கிடைக்கும் ஒளி கணிசமாக வேறுபடும். நல்ல பிரதிபலிப்பானுடன் கூடிய ஒரு ஹாலைடு இரண்டடிக்கு இரண்டடிப் பரப்பைச் சீராக நனைக்கும். எல்இடியில் அதே பரப்புக்கு ஒரு விளக்கு என்று கணக்கிடலாம் என்றாலும், ஓரங்களில் ஒளி சட்டென்று விழுந்துவிடும். ஆகவே நாலடித் தொட்டிக்கு இரண்டு போதுமென்று கடையில் சொன்னால், மூன்றை வாங்கிக் குறைந்த சக்தியில் ஓட்டுவதே மேல். தொட்டியின் மேல்விளிம்பில் குறுக்கே ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டைக்கு நேர் மேலே எந்த விளக்கும் வராதபடி முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். உப்பு படிந்த அந்தப் பட்டை ஒளியை நிறையவே மறைக்கும்.

மூன்றாம் படி: உங்கள் அறையின் வெப்பம்

இதைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்து முடிவெடுப்பவர்கள் மும்பையில் ஏமாறுவது இங்கேதான். பவளத் தொட்டியின் நீர் 25 முதல் 27 பாகைக்குள் நிற்க வேண்டும். பல நாள் தொடர்ந்து 30ஐத் தாண்டினால் பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளிறத் தொடங்கும். குளிர்நாட்டில் ஹாலைடின் வெப்பம் பாதி வரம். அங்கே ஹீட்டர் குறைவாக ஓடும். நம் ஊரிலோ மே மாதமும் அக்டோபர் மாதமும் விளக்கே இல்லாத தொட்டி நீரும் 30ஐத் தொட்டுவிடுகிறது.

ஒரு 250 வாட் ஹாலைடு, சோக்கில் வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 280 வாட் இழுக்கும். இரண்டு விளக்குகள் ஒன்பது மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 5 யூனிட். மின்சாரமாக உள்ளே போனதெல்லாம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். அதில் ஒரு பங்கு நேராக நீருக்குள் போகிறது, மீதி அறைக்குள் நின்று பிறகு மெல்ல நீரைச் சேர்கிறது.

“மேலே இரண்டு மின்விசிறியை வைத்துவிட்டால் போதாதா?” என்று கேட்பார்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நாளொன்றுக்கு நாலு லிட்டர் ஆவியானால், அந்த இரு ஹாலைடுகளும் கொட்டுகிற வெப்பத்தில் பாதிக்கு மேல் வெளியேறிவிடும். கணக்கு சரிதான். பெங்களூரின் மார்ச் மாத வறண்ட காற்றில் இது மிக நன்றாக வேலை செய்வதை நண்பர் வீட்டில் கண்டிருக்கிறேன். மும்பையின் ஜூலை மாதக் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால், நீர் ஆவியாக மறுக்கிறது. துணியே உலராத நாளில் தொட்டி மட்டும் எப்படி உலரும்? மேலும், ஆவியாகும் அந்த ஈரம் வீட்டுச் சுவரில்தான் போய் உட்காரும். என் வீட்டுக் கூடத்தில் பரணுக்கு மேல் பூஞ்சை பிடித்தது அந்த ஆண்டுகளில்தான்.

ஆகவே மும்பையில் எந்த விளக்கானாலும் சில்லர் என்னும் நீர் குளிர்விக்கும் கருவி தேவைப்படும். எல்இடியோடு சிறிய சில்லர் விட்டுவிட்டு ஓடும். ஹாலைடோடு பெரிய சில்லர் விடாமல் ஓடும். அந்தச் சில்லர் தொட்டியிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அதே அறைக்குள் ஊதும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதனை மூடிய மர அலமாரிக்குள் வைக்காமல், பால்கனியிலோ காற்று வெளியேறும் சன்னலுக்கு அருகிலோ வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடம் இல்லாத ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஹாலைடு என்ற பேச்சை எடுக்கவே வேண்டாம்.

நான்காம் படி: இரண்டு விளக்குகளின் இயல்பு

மெட்டல் ஹாலைடில், சிறிய குவார்ட்ஸ் குழாய்க்குள் இருக்கும் பாதரசமும் உலோக உப்புகளும் மின்வில்லின் வெப்பத்தில் ஆவியாகி ஒளிர்கின்றன. அதற்குத் தனியாக ஒரு சோக் வேண்டும். பல்பும் சோக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தியனவாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் பவளத் தொட்டி வளர்ப்பவருமான சஞ்சய் ஜோஷி பல ஆண்டுகள் இந்த விளக்குகளை அளந்து வெளியிட்ட முடிவுகளில், ஒரே பல்பு வேறு வேறு சோக்கில் வேறு வேறு அளவு ஒளி தருவதைத் தெளிவாகக் காணலாம். விளக்கு முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் குழாய் ஆறும்வரை, அதாவது பத்துப் பதினைந்து நிமிடம், அது மீண்டும் பற்றாது. இருமுனைப் பல்பாக இருந்தால், அதன் முன்னால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இல்லாமல் ஒருபோதும் எரிக்கக் கூடாது. பவளத்தோடு சேர்த்து உங்கள் கண்ணும் கெடும். ஒருமுனைப் பல்புகளில் வெளிக்கூடே அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது.

நிறத்தைக் கெல்வின் எண்ணால் குறிப்பிடுவார்கள். 10000 வெண்மை, 14000 நீலம் கலந்த வெண்மை, 20000 ஆழ்ந்த நீலம். வாட் ஒன்றாக இருந்தால், கெல்வின் ஏற ஏறப் பொதுவாகப் பார் குறையும். லோஹார் சாலில் மலிவாகக் கிடைக்கும் மைதான விளக்குப் பல்பைப் பார்த்து, “இதுவும் 250 வாட் மெட்டல் ஹாலைடுதானே” என்று வாங்கி வந்து மாட்டியவன் நான். அது 4000 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளி. மூன்றே வாரத்தில் பாறையெல்லாம் பச்சைப் பாசி மூடிக்கொண்டது. தொட்டி பார்ப்பதற்குக் கோயில் குளம் போல இருந்தது.

எல்இடியின் கதை வேறு. நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலச் சில்லு இல்லையென்றால் பவளத் தொட்டிக்கு எல்இடி என்ற பேச்சே எழுந்திருக்காது. பவளத்துக்குள் இருக்கும் பாசி மிகுதியாக உண்பது 420 முதல் 470 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளியைத்தான். கடலில் சிவப்பு ஒளி முதல் சில மீட்டருக்குள் கரைந்துவிடுவதால், ஆழத்தில் வாழும் உயிர் நீலத்துக்குப் பழகியிருக்கிறது. எல்இடி அந்த நீலத்தை வீணின்றித் தருகிறது, ஒவ்வொரு நிறத்தையும் தனியே கூட்டிக் குறைக்க விடுகிறது, காலையில் மெல்ல ஏறி மாலையில் மெல்ல இறங்குகிறது.

அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. நம் கண்ணுக்கு நீலம் மங்கலாகத் தெரியும். தொட்டி இருட்டாக இருப்பதாக எண்ணிச் சக்தியைக் கூட்டிக்கொண்டே போவோம்; பாசியோ அளவுக்கு மீறி உண்டு திணறும். நான் பவளங்களை வெளிற வைத்தது இப்படித்தான். இரண்டாவது குறை நிழல். ஹாலைடின் பெரிய பிரதிபலிப்பானிலிருந்து பல கோணங்களில் வரும் ஒளி பவளத்தின் பக்கவாட்டையும் தொடும். சிறு சதுரமான எல்இடியிலிருந்து வரும் ஒளி உச்சியில் மட்டும் விழுந்து அடிப்பகுதியை இருளில் விடும். கிளைத்து வளரும் கல் பவளத்துக்கு இது பெருங்குறை. பரந்து தட்டையாக வளரும் மென் பவளத்துக்கு இது ஒரு பொருட்டே அன்று.

இவ்விரண்டுக்கும் நடுவே, டி5 குழல்விளக்குகளை இருபுறமும் வைத்து நடுவில் எல்இடி பொருத்தும் வழியும் உண்டு. நிழல் தீரும், குழல்களை ஆண்டுக்கொரு முறை மாற்றும் செலவு வரும்.

ஐந்தாம் படி: செலவு

மேலே சொன்ன ஹாலைடுகள் மாதத்துக்கு 150 யூனிட். அதே தொட்டியில் 100 வாட் எல்இடி இரண்டைச் சராசரியாக 70 விழுக்காட்டில் பத்து மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 42 யூனிட். ஹாலைடு தரும் கூடுதல் வெப்பத்தை அகற்றச் சில்லர் இழுப்பதையும் சேர்த்து, வேறுபாட்டை 130 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று கணக்கிட்டால் மாதம் 1300 ரூபாய், ஆண்டுக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல். மும்பையில் யூனிட் கூடக் கூட மின்கட்டண வீதம் படிப்படியாக உயர்வதால், கூடுதலாகச் சேரும் இந்த யூனிட்டுகள் உங்கள் கட்டணத்தின் உச்சப் படியில்தான் போய் விழும் என்பதையும் கவனியுங்கள். இதற்கு மேல், ஹாலைடு பல்பின் ஒளி மாதாமாதம் குறைந்து நிறமும் திரிந்துபோவதால், 9 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பல்புகளையும் மாற்ற வேண்டும். நல்ல 14000 அல்லது 20000 கெல்வின் பல்புகள் இப்போது இங்குள்ள கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. வரவழைக்க வேண்டியிருக்கிறது, வழியில் உடைந்தால் நட்டம் நமக்குத்தான்.

எல்இடிக்கு 50000 மணி நேர ஆயுள் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். நாளுக்குப் பத்து மணி என்றால் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வரும். அந்த எண் சில்லுக்கு உரியது. நம் உப்புக் காற்றில் முதலில் போவது விளக்குக்குள் இருக்கும் குளிர்விசிறி, அடுத்தது டிரைவர், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி. ஐந்தாறு ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

இவ்வளவுக்கும் பிறகு யார் ஹாலைடு வாங்கலாம்? 30 அங்குலத்துக்கு மேல் ஆழமுள்ள பெரிய தொட்டி, தனி அறை, வெளியே சில்லர், ஆவணத்தோடு பெற்ற கல் பவளங்கள், பல்பு வரவழைக்கும் வழி என்ற அனைத்தும் உள்ளவர் வாங்கலாம். ஹாலைடு ஒளி நீருக்குள் இறங்கி மணலில் அலையாடும் அழகையும், பவளம் எல்லாப் பக்கமும் சீராக நிறம் கொள்வதையும் நான் இன்றும் நினைத்து ஏங்குவதுண்டு. ஆனால் முதல் தொட்டிக்கு அதனை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஆறாம் படி: எல்இடி வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கிராஃபோர்ட் மார்க்கெட் பகுதியிலும் குர்லாவிலும் உள்ள மீன் கடைகளில் நன்னீர்ச் செடித் தொட்டிக்கான எல்இடியைப் பவளத்துக்கும் ஆகும் என்று சொல்லி விற்பார்கள். வெள்ளையும் சிவப்பும் மிகுந்த அந்த விளக்குகள் நமக்கு ஆகா. நீலச் சில்லுகளின் எண்ணிக்கை வெள்ளையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்; நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி இருக்க வேண்டும். லென்சின் கோணம் 90 முதல் 120 பாகை வரை இருந்தால் இரண்டடித் தொட்டிக்குப் பரவலாக இருக்கும். குறுகிய கோண லென்ஸ் ஒரே இடத்தில் ஒளியைக் குத்தும். ரேடியான், ஹைட்ரா, கெசில் போன்ற பெயர் பெற்ற விளக்குகளுக்கு அளந்த பார் வரைபடங்கள் எளிதில் கிடைக்கின்றன என்பது ஒரு நன்மை. சீனத்துக் கருப்புப் பெட்டி விளக்குகளும் மென் பவளத்துக்குப் போதுமானவையே. ஆனால் விசிறியையும் டிரைவரையும் இங்கேயே மாற்றித் தர ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் வாட் எண்ணை நம்ப வேண்டாம். வாட் மீட்டர் ஒன்றைச் சொருகினால், ‘165 வாட்’ என்று எழுதியது உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஏழாம் படி: தொங்கவிடுதலும் மின்இணைப்பும்

எல்இடியை நீர்மட்டத்துக்கு மேல் 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் தொங்கவிடுங்கள். உயர்த்தினால் ஒளி பரவும், நிழல் குறையும்; தாழ்த்தினால் குத்தும். ஹாலைடாக இருந்தால் 25 செ.மீ.க்குக் கீழே இறக்கவே கூடாது. சூடேறிய கண்ணாடியில் ஒரு துளி நீர் தெறித்தாலும் வெடித்துவிடலாம்.

உப்பு நீர் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் என்பதால், தொட்டியின் இணைப்பு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் தானே துண்டிக்கும் சுவிட்சு) வழியாகவே வர வேண்டும். மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள் பலவற்றில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். மின்பணியாளரை அழைத்து முதலில் அதைச் சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு கம்பியும் சொருகிக்கு வருமுன் ஒரு முறை கீழே தொங்கி மேலேறும்படி அமையுங்கள். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சொருகியை எட்டாது. டிரைவர், சோக் ஆகியவற்றைச் சம்புக்கு (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் நீர்த்தொட்டி) நேர் மேலே வைக்க வேண்டாம்.

எட்டாம் படி: அளத்தல்

பார் மீட்டரின் விலை புதியவருக்கு அதிகம்தான். ஆனால் அது வாழ்நாளில் சில முறை மட்டுமே தேவைப்படும் கருவி. நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம், அல்லது வைத்திருப்பவரை வீட்டுக்கு அழைத்துக் காப்பி கொடுத்து அளக்கச் சொல்லலாம். செல்பேசியின் லக்ஸ் செயலியை எல்இடிக்கு நம்பாதீர்கள். சூரிய ஒளியில் 54 லக்ஸ் ஏறத்தாழ ஒரு மைக்ரோமோல் பாருக்குச் சமம்; லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் உணர்வை ஒட்டிய அளவாதலால், நீல எல்இடிக்குக் கீழே அது உண்மையைவிடப் பன்மடங்கு குறைத்துக் காட்டும். பார் மீட்டரிலும் பழைய வகை உணரிகள் ஆழ்ந்த நீலத்தைச் சற்றுக் குறைத்தே படிக்கும் என்பதால், முழு அலைவரிசையையும் படிக்கும் புதிய வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் தொட்டியின் மேற்பரப்பை வரைந்து, நீளவாக்கில் நான்கும் அகலவாக்கில் மூன்றுமாகப் பன்னிரண்டு கட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பாறையின் உச்சி, இடை, மணல்மட்டம் என்று மூன்று உயரங்களில் அளந்து எழுதுங்கள். நீர்ப் பம்புகள் ஓடும்போதே அளக்க வேண்டும். நீர்மட்டம் அசைவதால் எண் துள்ளும், நடுவில் நிற்கும் எண்ணைக் கொள்ளுங்கள். உச்சியில் 150, இடையில் 100, மணலில் 60 என்று வந்துவிட்டால் மென் பவளத் தொட்டிக்கு அதைவிட நல்ல நிலை வேண்டியதில்லை. எந்தப் பவளத்தை எங்கே வைப்பது என்பதையும் அந்தத் தாளே சொல்லிவிடும்.

அளவோடு நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 100 பாரில் பத்து மணி நேரம் என்பது ஒரு நாளுக்கு 3.6 மோல், 200 பாரில் எட்டு மணி என்றால் 5.8 மோல். கூடத்து விளக்கை இரவு பதினொரு மணிவரை பார்த்து மகிழ வேண்டும் என்பவர்கள் தொடக்க நேரத்தைத் தள்ளிப் போடலாமே தவிர, நேரத்தை நீட்டக் கூடாது. மாலையில் மென்மையான நீலம் மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக எரிந்தால் கேடில்லை.

ஒன்பதாம் படி: மெல்ல ஏற்றுதல்

இலக்கு 60 விழுக்காடு சக்தி என்று அளந்து கண்டறிந்திருந்தாலும், முதல் நாளே அதில் நிறுத்தாதீர்கள். 30இல் தொடங்கி வாரத்துக்கு ஐந்து விழுக்காடு வீதம் ஏற்றினால் ஆறு வாரத்தில் இலக்கை அடையலாம். ஹாலைடிலிருந்து எல்இடிக்கு மாறுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பழைய ஹாலைடுக்குக் கீழே ஒரு முறை, புதிய எல்இடிக்குக் கீழே ஒரு முறை அளந்து, பழைய எண்ணில் முக்கால் பங்கிலிருந்து தொடங்க வேண்டும். பழைய விளக்கைக் கழற்றும் முன் அளக்காமல் போனதற்குத்தான் நான் விலை கொடுத்தேன்.

ஏற்றும் வாரங்களில் பவளத்தைப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். ஜோவாந்திட்டின் தண்டு ஒளியைத் தேடி நீண்டு வளைந்தால் ஒளி போதவில்லை. காளான் பவளம் ஓரங்களைச் சுருட்டிக் குறுகினால், அல்லது பாறையை விட்டுக் கழன்று நிழலுக்கு மிதந்து போனால் ஒளி மிகுதி. நிறம் நாளுக்கு நாள் வெளுத்தால் அன்றே பத்து விழுக்காடு குறைத்து, பவளத்தைக் கீழ்மட்டத்துக்கு இறக்குங்கள்; இரண்டு வாரத்துக்கு வேறெதையும் மாற்ற வேண்டாம். ஒரே நேரத்தில் விளக்கு, உப்பு, உணவு என்று மூன்றையும் மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது. பாசிக்கு உரமாகும் நைட்ரேட் முழுப் பூச்சியமாக இருக்கும் தொட்டியில் ஒளியைக் கூட்டுவது, பட்டினி கிடப்பவனை வெயிலில் நிறுத்துவது போலாகும். ஒளியை ஏற்றுமுன் நைட்ரேட் சிறிதேனும் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. எல்இடியின் லென்சிலும் ஹாலைடின் காப்புக் கண்ணாடியிலும் படியும் உப்பை, விளக்கை அணைத்து ஆறவிட்டு, வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஒரு மாதம் துடைக்காத கண்ணாடியைத் துடைத்த மறுநாள் ஒளி திடீரென்று கூடிப் பவளம் சுருங்கியதை நானே பார்த்திருக்கிறேன். விசிறியில் படிந்த தூசியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தூரிகையால் தட்டிவிடுங்கள். நீர் மஞ்சளாகத் தெரிந்தால் விளக்கைக் கூட்டாமல் வடிகட்டியில் உள்ள கரித்தூளை மாற்றுங்கள். ஹாலைடு வைத்திருப்பவர்கள் பல்பை மாட்டிய தேதியைச் சோக்கின் மேல் எழுதி ஒட்டிவிட வேண்டும். புதிய பல்பு பழையதைவிடப் பிரகாசமாக இருக்கும் என்பதால், மாற்றிய முதல் இரண்டு வாரம் விளக்கைப் பத்து செ.மீ. உயர்த்தியோ நேரத்தைக் குறைத்தோ ஓட்ட வேண்டும். கழற்றிய பல்பில் பாதரசம் இருப்பதால் அதனை வீட்டுக் குப்பையில் போடாமல், வந்த அட்டைப் பெட்டியிலேயே பொதிந்து மின்கழிவு வாங்குபவரிடம் ஒப்படையுங்கள். வீட்டுக்குள் உடைந்துவிட்டால் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். சன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பி, துண்டுகளைக் கெட்டி அட்டையால் வாரி, இறுக மூடும் கண்ணாடிச் சாடியில் போட்டு அதே ஆளிடம் கொடுங்கள்.